தளபதியும் சின்னத்திரையும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முதுமொழி. இதனைச் சொன்ன நம் முன்னோர் தொலைக்காட்சியைக் கண்டவர் அல்லர். கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேர விருந்து வைத்து, விசாரிக்கும் வேலையையும் தானே முடித்துவிட்டதாகச் சொல்லும் ஒரு கருவி வீட்டுக் கூடத்தில் வந்து அமரும் என அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். அக்கருவி சொல்வது உண்மைதானா, அது எவர் பக்கம் நின்று பேசுகிறது என்னும் வினா இன்று பல நாடுகளிலும் எழுகிறது. வினா எழுப்புவோருள் படைவீரரின் குரல் தனித்துக் கேட்கத்தக்கது. செய்தியில் வருவது அவர் நின்ற களம். அங்கே சிந்தியது அவர்தம் தோழர்களின் குருதி. தாம் கண்டதற்கும் திரையில் காட்டப்பட்டதற்கும் இடையே வேறுபாடு இருப்பின் அதனை முதலில் உணர்பவர் அவரே. ஆயினும், களத்தில் நின்றவர் என்பதாலேயே அவர் சொல் முழுவதும் மெய்யாகிவிடுமா என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும்.

இவ்விரு எண்ணங்களையும் மனத்திற்கொண்டு ஒரு தளபதியின் கருத்தை இங்கு ஆராய முற்படுகிறோம். அமெரிக்கத் தளபதி வில்லியம் வெஸ்ட்மோர்லண்ட் 1914இல் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். 1936இல் வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியில் தேர்ச்சி பெற்றவர். 1964 முதல் 1968 வரை வியட்நாமில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கி, பின்னர் 1972 வரை தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். பழைமையைப் போற்றும் அரசியல் நோக்குடையவர். ஓய்வு பெற்றபின் 1974இல் தம் மாநில ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்று தோற்றார். 1976இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் பெயர் 'எ சோல்ஜர் ரிப்போர்ட்ஸ்'. ஒரு படைவீரன் தன் அறிக்கையைத் தருகிறான் என்பது தலைப்பின் பொருள். போர்முறை குறித்தும் அரசியல் தலைவர்கள் குறித்தும் அந்நூல் கூறுவன பலவாயினும், தொலைக்காட்சிச் செய்தி குறித்த அதன் குற்றச்சாட்டே நமக்கு ஈண்டு ஆய்வுப் பொருள்.

நூலின் குற்றச்சாட்டு

தளபதியின் வாதத்தைச் சுருக்கிச் சொல்லலாம். தொலைக்காட்சிக்கு வேண்டுவது காட்சி. காட்சியில் விறுவிறுப்பு வேண்டும். அதுவும் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிட வேண்டும். எனவே அமெரிக்க மக்கள் மாலைதோறும் கண்டது சுடும் துப்பாக்கியும், வீழும் வீரனும், எரியும் குடிசையும், கதறும் பெண்ணும் மட்டுமே. இடிந்த ஒரு கட்டடத்தைக் காட்டினால் ஊரே இடிந்துவிட்டதாகப் பார்ப்பவர் எண்ணுவர். மருத்துவ உதவி, ஊர்ப்புற மேம்பாட்டுப் பணி, பெரும்பாலான மக்கள் பெரும்பாலான நாள்களில் வாழ்ந்த இயல்பான வாழ்க்கை ஆகியவை திரைக்கு வருவது அரிது. ஏனெனில் அவற்றில் காட்சி இல்லை.

இக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. ஒளிப்படக் கருவி தன் முன்னால் இருப்பதை மட்டுமே பதிவு செய்கிறது. தன் முதுகுப்புறத்தில் இருப்பதை அறியாது. அக்காலத்தில் மாலைச் செய்தி என்பது விளம்பரங்களும் சேர்ந்து அரைமணி நேரம். களத்தில் எடுத்த படச்சுருள் வானூர்தி ஏறி அமெரிக்கா சென்று, கழுவப்பட்டு, வெட்டி ஒட்டப்பட்டு, இரண்டு மூன்று நிமிடத் துண்டாக மாறும். எதை எடுப்பது, எதை விடுப்பது என ஒவ்வொரு நிலையிலும் ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். அவர் எத்துணை நேர்மையாளராயினும், விடுபட்டதைப் பார்ப்பவர் அறிய வழியில்லை. இதனைத் தளபதி தெளிவாகக் கண்டு சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சியின் தன்மை பற்றி அவர் எழுதியுள்ள பக்கங்கள் இன்றும் படிக்கத்தக்கவை என்பது நம் கருத்து.

அவர் பக்கம் உண்மை நின்ற ஒரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். 1968 ஜனவரி இறுதியில், டெட் எனப்படும் வியட்நாமியப் புத்தாண்டு நாள்களில், தென் வியட்நாமின் நகரங்கள் பலவற்றை வியட்காங் படையினரும் வட வியட்நாம் படையினரும் ஒரே வேளையில் தாக்கினர். ஜனவரி 31 விடியற்காலையில் தலைநகர் சாய்கோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள் ஒரு சிறு தாக்குதற் குழு நுழைந்தது. அவர்கள் தூதரகக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்துவிட்டனர் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. காலையில் அங்கு வந்த வெஸ்ட்மோர்லண்ட், பகைவர் வளாகத்துக்குள் வந்தனரேயன்றிக் கட்டடத்துக்குள் நுழையவில்லை என்றார். சூழ்ந்து நின்ற செய்தியாளர்கள் அதனை நம்பத் தயங்கினர். அவர் சொன்னதே உண்மை.

டெட் தாக்குதல் பற்றிய செய்திகளை விரிவாக ஆராய்ந்து 1977இல் 'பிக் ஸ்டோரி' என்னும் இரு தொகுதி நூலை எழுதியவர் பீட்டர் பிரேஸ்ட்ரப். கொரியப் போரில் மரைன் படை அதிகாரியாகக் காயமுற்றவர். பின்னர் செய்தியாளராகிச் சாய்கோனில் பணியாற்றியவர். களத்தையும் எழுதுகோலையும் ஒருங்கே அறிந்த அவர் கண்ட முடிவு இது: தாக்கியவர்கள் பேரிழப்புற்றுப் பின்வாங்கினர், ஆனால் முதல் நாள்களின் அதிர்ச்சியையே பேரழிவாகச் சித்திரித்த செய்தி நிறுவனங்கள், நிலைமை தெளிந்தபின்னும் அச்சித்திரத்தைத் திருத்தவில்லை. இது தளபதியின் வாதத்துக்கு அரண் செய்கிறது. ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். இப்பிழைக்குக் கொள்கைப் பகைமை காரணம் என்று பிரேஸ்ட்ரப் கூறவில்லை. அவசரம், செய்தித்தொழிலின் பழக்கவழக்கங்கள், அதற்குமுன் அரசு அளவுகடந்து தந்த நம்பிக்கை மொழிகள் ஆகியவற்றையே அவர் காரணமாகக் காட்டினார். 1967 நவம்பரில் போரின் முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டதென வாஷிங்டனில் பேசியவர் வெஸ்ட்மோர்லண்டே அல்லவா? இரண்டு மாதங்களுக்குப்பின் தூதரக வாயிலிலேயே வெடிச்சத்தம் கேட்டபோது, அவர் சொன்ன உண்மையும் ஐயத்துக்கு உள்ளாயிற்று.

வாதம் வழுவும் இடம்

தொலைக்காட்சி போரைச் சிதைத்துக் காட்டியது என்பதோடு நிற்காமல், தொலைக்காட்சியே மக்கள் மனத்தைக் கலைத்துப் போரைத் தோற்கடித்தது என்னும் முடிவுக்குத் தளபதியின் அணியினர் பலர் சென்றனர். இங்குதான் சான்றுகள் அவர்களைக் கைவிடுகின்றன.

அரசியலறிஞர் ஜான் முல்லர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் மக்களாதரவு குறைந்த போக்கை ஒப்பிட்டார். மாண்டோர், காயமுற்றோர் தொகை பெருகப் பெருக ஆதரவு இரு போர்களிலும் ஏறத்தாழ ஒரே வகையில் சரிந்தது. கொரியப் போரின்போது தொலைக்காட்சிச் செய்தி தவழும் குழந்தை. போரில் இறங்கியது தவறு என்றோரின் தொகை தவறன்று என்றோரின் தொகையை விஞ்சியதும் 1967 அக்டோபரில். அஃதாவது டெட் தாக்குதலுக்கு முன்னரே. டேனியல் ஹாலின் 1986இல் வெளியிட்ட ஆய்வு மாலைச் செய்திகளையே நேரடியாக நோக்கியது. 1968க்கு முன் தொலைக்காட்சி பெரும்பாலும் அரசின் நோக்கையே எதிரொலித்தது. வாஷிங்டன் தலைவர்களிடையே பிளவு தோன்றியபின்னரே திரையில் எதிர்க்குரல்கள் மிகுந்தன என்பது அவர் முடிவு. எல்லாவற்றினும் குறிப்பிடத்தக்கது அமெரிக்கத் தரைப்படையின் வரலாற்று மையமே 1988இல் வெளியிட்ட நூல். அதன் ஆசிரியர் வில்லியம் ஹாமண்ட், மக்களை விலகச் செய்தது செய்தியன்று, உயிரிழப்பே என்றும், செய்தியாளர் எழுதியவை பல வேளைகளில் அரசின் அறிக்கைகளைவிட மெய்க்கு நெருங்கியிருந்தன என்றும் எழுதினார். படையின் சொந்த வரலாற்றாசிரியரே இவ்வாறு கூறியபின், தோல்விக்குப் படப்பெட்டியைப் பொறுப்பாக்குவது பொருந்தாது. தன் மகனின் உடல் பெட்டியில் வந்திறங்கக் கண்ட தாய்க்குப் போரின் விலையை எடுத்துச் சொல்லத் தொலைக்காட்சி தேவைப்படவில்லை.

படம் செய்த பிழை

நூல் வெளிவந்து ஆறு ஆண்டுகளுக்குப்பின் தளபதியின் குற்றச்சாட்டுக்குத் தொலைக்காட்சியே வலுச் சேர்த்தது. 1982 ஜனவரி 23 அன்று சி.பி.எஸ். நிறுவனம் 'தி அன்கவுன்டட் எனிமி: எ வியட்நாம் டிசெப்ஷன்' என்னும் தொண்ணூறு நிமிட ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. எண்ணப்படாத பகைவர், வியட்நாமில் ஒரு வஞ்சகம் என்பது பொருள். தயாரித்தவர் ஜார்ஜ் கிரைல். நேர்காணல் நடத்தியவர்களுள் முதன்மையானவர் மைக் வாலஸ். 1967இல் பகைவரின் படைபலத்தைக் குறைத்துக் காட்ட இராணுவ உளவுத்துறையின் மேல்மட்டத்தில் சதி நடந்தது என்பது படத்தின் குற்றச்சாட்டு. சி.ஐ.ஏ. ஆய்வாளராயிருந்த சாம் ஆடம்ஸ் என்பவரின் நெடுநாளைய வாதமே அதற்கு அடித்தளம்.

அவ்வாண்டு மே மாதத்தில் 'டி.வி. கைட்' வார இதழ் படம் உருவான முறையை விரிவாக வெளிக்கொணர்ந்தது. சி.பி.எஸ். தன் மூத்த தயாரிப்பாளர் பர்ட்டன் பெஞ்சமினிடம் விசாரணையை ஒப்படைத்தது. அவர் கண்டவை நிறுவனத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை. படத்துக்குச் சாதகமான சாட்சி ஒருவருக்கு மற்றவர்களின் நேர்காணல் படங்களைக் காட்டிவிட்டு மறுமுறை பேசவைத்திருந்தனர். ஆடம்ஸ் ஊதியம் பெற்ற ஆலோசகர் என்பது பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. வெவ்வேறு வினாக்களுக்குத் தந்த விடைகள் ஒரே விடைபோல் இணைக்கப்பட்டிருந்தன. அதிபரின் ஆலோசகராயிருந்த வால்ட் ராஸ்டோவிடம் மூன்று மணி நேரம் பேசியும் ஒரு சொல்லும் படத்தில் இடம்பெறவில்லை. உளவுப் பிரிவின் தலைவராயிருந்த தளபதி ஃபிலிப் டேவிட்சன் கடும் நோயுற்றிருக்கிறார் என்று கருதி அவரை அணுகவே இல்லை; அவரோ நலமாக இருந்தார். சதி என்ற சொல் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் பெஞ்சமின் எழுதினார்.

ஒரு திறனாய்வாளர் கதையில் கண்டால் கடிந்துகொள்ளும் குற்றம் இது. முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற பாத்திரங்களைத் தேடி அலைவது. கதையிலாவது கதாசிரியன் தன் பாத்திரங்களுக்கே தீங்கு செய்கிறான். ஆவணப்படத்தில் வெட்டி ஒட்டப்படுவது உயிருள்ள மனிதரின் நற்பெயர்.

நீதிமன்றத்தில் இருவரும்

வெஸ்ட்மோர்லண்ட் 1982 செப்டம்பரில் 12 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குத் தொடுத்தார். 1984 அக்டோபரில் நியூயார்க் நகரில் நீதிபதி பியர் லெவால் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, பொதுப்பதவியில் இருந்தவர் தம்மைப் பற்றிய செய்தி பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. பொய்யென அறிந்தோ, மெய்யா பொய்யா என்று சிறிதும் பொருட்படுத்தாமலோ அது வெளியிடப்பட்டது என்றும் காட்டவேண்டும். எனவே இருதரப்பின் உள்ளங்களும் அங்கே சோதனைக்கு வந்தன.

அப்போது திறக்கப்பட்ட கோப்புகளில் ஒரு தந்தி நம் பொருளுக்கு உயிர்நாடியானது. பகைவர் படையில் ஊர்க்காவல் போன்ற தற்காப்புக் குழுக்களும் மறைவான தற்காப்புக் குழுக்களும் இருந்தன. அவர்களுள் முதியோர், பெண்கள், சிறார் பலர். அவர்களைப் போர்ப்படையாகக் கணக்கிடலாகாது என்பது வெஸ்ட்மோர்லண்டின் நிலை. இது வாதத்துக்குரிய, நேர்மையான கருத்தாகவும் இருக்கலாம். ஆனால் அவருடைய துணைத் தளபதி கிரைட்டன் ஏப்ரம்ஸ் 1967 ஆகஸ்டில் வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்தி வேறொரு காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னது. இக்குழுக்களைச் சேர்த்தால் பகைவர் தொகை ஏறத்தாழ 4,20,000 ஆகும். செய்தியாளருக்குத் தந்துள்ள தொகையோ ஏறத்தாழ 2,99,000. வெற்றி பெற்றுவருவதாக நாம் காட்டிவந்திருக்கும் வேளையில், செய்தியாளர் இப்புதிய தொகையைக் கண்டு தவறான, இருண்ட முடிவுக்கு வருவர் என்பது தந்தியின் கவலை.

நாம் சற்று நின்று எண்ணவேண்டிய இடம் இதுவே. தொலைக்காட்சி தனக்கு வேண்டியதை எடுத்து வேண்டாததை விடுகிறது என்பது தளபதியின் குற்றச்சாட்டு. இங்கே படைத்தலைமை செய்ததும் அதுவே அன்றோ? பார்ப்பவர் தவறாகப் புரிந்துகொள்வர் என்ற அச்சத்தால் எண்ணிக்கையில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கப்பட்டது. செய்தியாளரின் சார்புக்கு அஞ்சியவர்கள் அந்த அச்சத்தினாலேயே தாமும் சார்பு கொண்டனர். மக்களுக்கு இரு எண்களையும் தந்து, இருவகைப் பகைவர் யார் யார் என்று விளக்கியிருக்கலாம். புரிந்துகொள்ளும் ஆற்றல் மக்களுக்கு உண்டு என்று நம்பியிருக்கலாம். அந்நம்பிக்கை படைத்தலைமையிடம் இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் மாற்றுச் சாட்சிகளை மறைத்த படத் தயாரிப்பாளரிடமும் இல்லை.

1985 பிப்ரவரியில் வெஸ்ட்மோர்லண்டின்கீழ் உளவுப்பிரிவின் தலைவராயிருந்த தளபதி ஜோசப் மெக்கிறிஸ்டியன் சாட்சிக் கூண்டேறினார். உயர்ந்த எண்ணிக்கை கொண்ட தம் தந்தி வரைவை 1967 மே மாதத்தில் வெஸ்ட்மோர்லண்ட் தடுத்துவைத்தார் என்றும், அது அரசியலில் பெரும் வெடிப்பாகும் என்று கூறினார் என்றும் உறுதியாகச் சொன்னார். எண்ணிக்கையைத் தயாரித்த கர்னல் கெய்ன்ஸ் ஹாக்கின்ஸும் சி.பி.எஸ். தரப்பில் சாட்சி சொன்னார். இருவரும் படைவீரர்களே, வெஸ்ட்மோர்லண்டைப் போன்றே சீருடையை மதித்தவர்கள். தொலைக்காட்சிக்கு எதிராகப் படை என்ற எளிய கோடு அன்று அழிந்துபோயிற்று. அம்மாதம் 18ஆம் நாள், ஜூரிகள் முடிவு கூறுவதற்குச் சில நாள்களே இருந்தபோது, வழக்குத் திரும்பப் பெறப்பட்டது. பணம் ஏதும் கைமாறவில்லை. தளபதி தம் கடமையைத் தாம் உணர்ந்தவாறு ஆற்றியதில் நாட்டுப்பற்று அற்றவர் என்றோ விசுவாசமற்றவர் என்றோ தாங்கள் கருதவில்லை என்று சி.பி.எஸ். அறிவித்தது, படத்தையோ திரும்பப் பெறவில்லை. இருவரும் வென்றதாகக் கூறிக்கொண்டனர். உண்மை எது என்று தீர்ப்பளிக்க எவருக்கும் வாய்ப்பில்லாமற் போயிற்று. வெஸ்ட்மோர்லண்ட் 2005 ஜூலையில் மறைந்தார்.

முறையீடு செய்யும் முறை

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு நிகழ்வு உண்டு. 1998 ஜூன் 7 அன்று சி.என்.என். நிறுவனம் 'டைம்' இதழுடன் இணைந்து ஒரு செய்தியை ஒளிபரப்பியது. 1970இல் லாவோஸ் நாட்டுக்குள் நடந்த 'டெயில்வின்ட்' என்னும் இரகசிய நடவடிக்கையில் அமெரிக்கப் படையினர் சாரின் நச்சுவாயுவைப் பயன்படுத்தினர் என்பது செய்தி. அதில் பங்குகொண்ட முன்னாள் வீரர்கள் அதனை மறுத்தனர். சி.என்.என். நிறுவனத்துக்கே படைத்துறை ஆலோசகராயிருந்த ஓய்வுபெற்ற விமானப்படைத் தளபதி பெரி ஸ்மித், செய்தி தவறெனக் கண்டு பதவி விலகினார். நிறுவனம் வழக்கறிஞர் ஃபுளாய்ட் ஏப்ரம்ஸை அமர்த்தி விசாரித்தது. ஜூலை 2 அன்று செய்தியைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. தயாரிப்பாளர்கள் எதையும் இட்டுக்கட்டவில்லை, தாங்கள் சொன்னதை உறுதியாக நம்பினர், அந்த உறுதியே மாற்றுச் சான்றுகளை அவர்கள் கண்ணிலிருந்து மறைத்தது என்பது விசாரணையின் சாரம்.

இங்கு வீரர்கள் எல்லாச் செய்தியாளரும் பகைவர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னது நடந்தது, நீங்கள் சொன்னது நடக்கவில்லை என்றனர். அம்முறையீட்டுக்கு விடை கூறியே தீரவேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்குள் விடையும் வந்தது. ஊடகம் முழுவதும் கெட்டது என்னும் பழிச்சொல்லுக்கு விடை ஏதும் இல்லை; அதனால் எந்த ஊடகமும் திருந்துவதில்லை.

நமக்கு உரியது

தளபதியின் நூலைப் பாதி உண்மையின் நூல் என்று நாம் மதிப்பிடுகிறோம். கருவியின் இயல்பைச் சொல்லும் பாதி மெய்; தன்னைச் சோதித்துக்கொள்ளாத பாதி குறை. சி.பி.எஸ். எடுத்த படத்தையும் அவ்வாறே மதிப்பிடுகிறோம். கேட்கவேண்டிய வினாவை அது கேட்டது. விடையைக் கேளாமலே எழுதியது. இருவர் பிழையும் தீய எண்ணத்தில் பிறந்ததாகத் தோன்றவில்லை. தாம் சொல்வதே சரி என்ற உறுதியில் பிறந்தது. பொய்யனைக் கண்டுபிடிப்பது எளிது. தன் நேர்மையில் ஐயமே இல்லாதவரின் பிழையைக் கண்டுபிடிப்பது அரிது. அவருக்கே அது தெரியாது.

பார்ப்பவராகிய நமக்கும் இதில் பங்குண்டு. ஒரு செய்தி நம் மனத்துக்கு ஒவ்வாதபோது அது ஒருதலைச் சார்பு என்கிறோம். ஒத்துவரும்போது அதன் சான்றைக் கேட்பதில்லை. விடுபட்டவர் யார், மூன்று மணி நேரம் பேசியும் வெட்டப்பட்டவர் யார், நலமாயிருந்தும் நோயாளி எனக் கருதப்பட்டவர் யார் என்னும் வினாக்களை நமக்கு உவப்பான செய்தியின்மீது எழுப்புவோமாயின், அதுவே தீர விசாரிப்பதாகும். வெஸ்ட்மோர்லண்ட் தம் எதிரிகளிடம் கேட்ட வினாக்கள் நல்லவை. அவற்றைத் தம் கோப்புகளிடமும் அவர் கேட்டிருக்க வேண்டும். அவர் விட்ட வேலையை நாமாவது நம் வீட்டுக் கூடத்தில் தொடங்குவோம்.